மூக்கம்மாள் பியூகிள் பிடித்த விதம்

மூக்கம்மாளுக்கு வாய்த்தது கொஞ்சம் தாராளமான தொண்டை. அருள்புரத்தில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதல் மாடியில் நூற்றிருபது தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்து மெஷின்காரியிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அவள் காதோரம் குனிந்துதான் சொல்ல வேண்டும். மூக்கம்மாளுக்கு அந்தச் சிரமமே கிடையாது. ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, "கழுத்துப்பட்டை வந்துருச்சாடீ" என்று கேட்பாள். எதிர்ச்சுவர் ஓரத்திலிருந்து பதில் வரும்.

இதற்காக அவள் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மூன்று சூப்பர்வைசர்கள் வந்து போனார்கள். மூன்று பேரும் வந்த முதல் வாரமே கண்டுபிடித்த ஒரே விஷயம், மூக்கம்மாள் சத்தமாகப் பேசுகிறாள் என்பதுதான். குடியிருந்த வேலம்பாளையத்து லைன் வீட்டிலும் அதே கதை. வாய்க்கு வாய் 'ங்க' போட்டு மெல்லப் பேசுகிற ஊர் அது. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆளைக் கூப்பிடுகிற குரல், இங்கே வந்ததும் சண்டைக்கு இழுக்கிற குரலாகிவிட்டது. புருஷன் காசிமாயன்கூட, "கொஞ்சம் கொறைச்சுப் பேசு புள்ள, அடுத்த வீட்டு ரேடியோவ அமத்திட்டாக" என்பான். அவன் கேலிக்குச் சொல்வான், அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. பேச வாயெடுக்கும் முன் குரலைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே, சொல்ல வந்ததில் பாதியை அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளைத் தேடி ஒரு பியூகிள் வந்தது என்றால், அதற்குக் காரணம் மின்வெட்டு.

இரண்டாயிரத்து எட்டில் திருப்பூரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் கம்பெனிக்கு ஒரு ஆடிட் நடந்தது. வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள், இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். வந்தவர், தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள், சைரனை அடித்துக் காட்டுங்கள் என்றார். கரண்ட் இல்லை. சைரனுக்கென்று வைத்திருந்த பேட்டரி எப்போதோ செத்திருந்தது. 'மின்சாரம் இல்லாதபோதும் ஒலிக்கும் எச்சரிக்கை தேவை' என்று எழுதி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

இந்த வேலையெல்லாம் பார்ப்பதற்கென்றே கம்பெனியில் பிரபாகர் என்ற இளைஞன் இருந்தான். பல்லடத்துக்காரன், எம்.பி.ஏ. படித்தவன், எதையும் பேப்பரில் பார்த்தால்தான் நம்புவான். அவன் கோயம்புத்தூரில் பள்ளிக்கூட பேண்ட் சாமான் விற்கிற கடைக்குப் போய் பட்டாளத்தில் ஊதுகிற, இரண்டு வளையமாகச் சுருண்ட பித்தளைக் குழலான பியூகிள் ஒன்று வாங்கி வந்துவிட்டான். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஊதினால் மூன்று மாடிக்கும் கேட்கும். யோசனை நல்ல யோசனைதான். வாங்கி வந்த பிறகுதான் யார் ஊதுவது என்ற கேள்வி வந்தது.

நாலைந்து பேர் ஊதிப் பார்த்தார்கள். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்றுதான் வந்தது. அந்த வாரம் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டும்போது, மூக்கம்மாள் தன் ஊர் வழக்கப்படி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். வருஷா வருஷம் போடுவதுதான். மூன்றாவது மாடியில் பொரி கட்டிக்கொண்டிருந்த பிரபாகர் அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கி வந்தான்.

"ஏனுங்க்கா, இத்தனை நேரம் மூச்சு விடாம எப்படிங்க போட்டீங்க?"

"மூச்சு எங்க சார் போகுது, அது பாட்டுக்கு வயித்துல கெடக்கும்."

"இதைக் கொஞ்சம் ஊதிப் பாருங்க."

ஊதினாள். முதல் தடவையே சத்தம் வந்தது. லேசாகப் பிசிறடித்தது, ஆனால் சத்தம். ஜன்னலோரப் புறாக்கள் பறந்தன. அன்றைக்கே அவள் பெயர் தீயணைப்புக் குழுவில் ஏறியது. குழுவில் இருக்கிறவர்களுக்குச் சிவப்பு டீசர்ட் உண்டு, முதுகில் 'தீயணைப்புக் குழு' என்று அடித்தது. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். பஸ்ஸில் கழற்றவில்லை. சத்தத்துக்காகத் திட்டு வாங்கியவளுக்கு, சத்தத்துக்காக ஒரு சட்டை. காசிமாயன் அவளைச் சுற்றி வந்து முதுகைப் படித்துவிட்டு, "இனிமே ஒன்னைய யாரும் கொறைச்சுப் பேசச் சொல்ல முடியாது போலயே" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் ஒரு வாரம்தான். சத்தம் சுலபமாக வந்துவிட்டது, பியூகிளைப் பிடிப்பதுதான் வரவில்லை.

பிரபாகர் இன்டர்நெட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து, தமிழில் அடித்து, மாடிக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டியிருந்தான். மேலே ஒரு பட்டாளத்துக்காரன் படம். விறைத்து நிற்கிறான், வலது கையில் பியூகிள், இடது கை தொடையோடு ஒட்டியிருக்கிறது. கீழே, 'வலது கையால் உறுதியாகப் பற்றவும்' என்று எழுதியிருந்தது. மூக்கம்மாள் உறுதியாகப் பற்றினாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். விரல் கணு வெளுக்கிற அளவுக்குப் பற்றினாள். பற்றுகிற கை தானாகவே பியூகிளை வாயோடு சேர்த்து அழுத்தியது. அழுத்த அழுத்த உதடு மரத்துப்போனது, உயரப் போகிற மேல் சத்தம் கிழிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஓவர்லாக்கில் குனிந்து கிடந்த வலது தோள், மூன்றாவது ஊதலுக்கே வலிக்கத் தொடங்கியது. நாலாம் நாள் கீழுதடு வீங்கிவிட்டது. டீ குடித்தால் எரிந்தது. காசிமாயன் ஒருமாதிரி பார்த்துவிட்டு, "நீ பாட்டுக்கு ஊது. நான் அடிச்சுத்தான் ஒதடு வீங்கிருச்சுன்னு தெருவுல எல்லாரும் என்னைய மொறைக்கிறாக" என்றான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்பெனி மெக்கானிக் சுப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். சனிக்கிழமை சாயந்திரமானால் எண்ணெய் டப்பாவும் துணியுமாகக் கிளம்பி, மாடி மாடியாகப் போய், இரும்பாகப் பித்தளையாக எது கண்ணில் பட்டாலும் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை படிக்கட்டு ஓரம் ஆணியில் தொங்கிய பியூகிளும் அவர் கண்ணில் பட்டது. உள்ளும் புறமும் மெஷின் ஆயில் போட்டு, பளபளவென்று துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார். யாரும் கேட்காமலே செய்த நல்ல காரியம்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒத்திகை. மூன்று மாடி ஆட்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் சிவப்பு டீசர்ட்டில் படிக்கட்டு முனையில் வந்து நின்று, பியூகிளை எடுத்து, உறுதியாகப் பற்றினாள். பற்றிய வேகத்திலேயே அது வழுக்கிக்கொண்டு கையை விட்டுப் போனது. படி படியாக விழுந்து, திருப்பத்தில் ஒருமுறை மோதி, தரைத்தளத்தில் துணி ரோல்களுக்கு நடுவே போய் நின்றது. அது விழுந்த சத்தம், அவள் ஊதிய எந்தச் சத்தத்தையும்விடப் பெரிதாக இருந்தது. அப்புறம் கம்பெனியே சிரித்தது.

வாட்ச்மேன் லிங்கசாமி அதைப் பொறுக்கி எடுத்து வந்தார். பியூகிளின் விரிந்த வாயில் ஒரு நெளிசல் விழுந்திருந்தது. லிங்கசாமி மூலனூர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் என்.சி.சி.யில் இருந்தவர். அந்த இரண்டு வருஷத்தை வைத்து இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவர்.

"இதெல்லாம் பொம்பளையாளுங்க கையில நிக்காதுங்க சார். பட்டாளத்துச் சாமான். என்ற கையில குடுத்துப் பாருங்க."

"எண்ணெய் போட்டது நாந்தானுங்க" என்றார் சுப்பண்ணன், முகம் சுண்டிப்போய். "தப்பு என்ற மேலதான். அம்மணிய ஒண்ணும் சொல்லாதீங்க."

பிரபாகர் யோசித்தான். எழுதி வைத்ததைச் சரிசெய்தார்களா என்று பார்க்க ஆடிட்டர் எந்த நாளும் திரும்ப வரலாம். "அடுத்த திங்கக்கெழமை ரெண்டு பேரும் ஊதுங்க. ஆருக்கு நல்லா வருதோ அவிய குழுவுல இருக்கட்டும்" என்றான். லிங்கசாமிக்கு நியாயமாகப் பட்டது. மூக்கம்மாளுக்கு அந்தச் சிவப்பு டீசர்ட் அப்போதே உடம்பில் கனத்தது. போனால் டீசர்ட் மட்டுமா போகும்? வாய்தான் பெரிசு, கையில் ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள். இனி எந்தச் சத்தத்துக்கும் அவளுக்கு மரியாதை இருக்காது. அன்றைக்கு முழுக்க அவள் பேசவே இல்லை. பக்கத்து மெஷின் சித்ரகலா, "என்னங்க்கா, மெஷின் சத்தம் இன்னிக்குத்தான் என்ற காதுல உழுகுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரிசாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணை அவளுக்கு எதிர் மெஷினில் உட்கார வைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஊசிக்குப் பின்னால் இழுத்தாள். ஊசி மளுக்கென்று ஒடிந்தது. மூக்கம்மாள் எழுந்து போய், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிமேல் பரப்பி வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் இழுக்காதே என்று தொடங்கினாள்.

"மத் கீஞ்சோ. புடிக்காத, தாங்கு. துணி அது பாட்டுக்குப் போகும். நீ கூடப் போனாப் போதும்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, கை புரிந்தது. தையல் நேராக ஓடியது. மூக்கம்மாள் தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மெஷினை மிதிக்கவில்லை. தான் சொன்னது அப்போதுதான் தனக்கே உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கை எதையும் இறுக்கிப் பிடித்ததில்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு பனியன் இந்த விரல்களுக்கு அடியில் போகிறது, ஒன்றைக்கூட அவள் பிடித்து நிறுத்தியதில்லை. ஒரு தாளைப் படித்துவிட்டு, தெரிந்த கையைத் தெரியாத கையாக ஆக்கிக்கொண்டாளே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

டீ டைமில் அவள் டீக்குப் போகவில்லை. பியூகிளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். முதலில் வாயில் வைக்கவே இல்லை. வெறுமனே கையில் வைத்துப் பார்த்தாள். வலது தோள் மக்கர் பண்ணுமென்று தெரியும், அதனால் இடது கைக்கு மாற்றினாள். இரண்டு வளையமும் சேருகிற நடுவில் நாலு விரலையும் தளர்வாகச் சுற்றி, கட்டைவிரலை மேல்குழாயில் சும்மா படுக்க வைத்தாள். கனம் முழுக்க விரல்களின் மேல் உட்கார்ந்தது. இறுக்கவே தேவையில்லை. இடுப்போடு ஒட்டியிருந்த முழங்கையை ஒரு சாண் விலக்கியதும் விலாவில் மூச்சுக்கு இடம் கிடைத்தது. தோளைக் கீழே விட்டாள். இதுவரை தலையை நீட்டி பியூகிளுக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது நிமிர்ந்து நின்று பியூகிளைத் தன் வாய்க்குக் கொண்டுவந்தாள். உதட்டில் பட்டதும் நிறுத்தினாள், அழுத்தவில்லை. ஊதினாள்.

நெளிந்த வாயிலிருந்து சத்தம் நெளியாமல் வந்தது. மேல் சத்தமும் கிழியவில்லை. கீழே தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். நாலு முறை ஊதியும் உதடு எரியவில்லை. ஊதி முடித்த பிறகுதான் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். சும்மா இருக்கிற கைக்கு வேலை கொடுப்போமே என்று, படிக்கட்டுப் பக்கம் நீட்டி, எல்லாரையும் 'இங்கிட்டுப் போங்க' என்று காட்டுவதுபோல் வைத்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்குப் பியூகிளைக் கொண்டுபோக முடியாது. காலியான நூல் கோன் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கட்டி, கனத்துக்கு உள்ளே ஒரு பிடி பழைய ஊசிகளைத் துணியில் சுற்றி அடைத்து, எடுத்துப்போனாள். சமைக்கும்போது இடது கையில் அது இருந்தது. குழம்பைக் கிண்டுவது, தட்டு எடுப்பது, கதவைத் திறப்பது எல்லாம் வலது கை. கோனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதும் இறக்குவதும், கையைப் பார்க்காமலே நடக்கும்வரை விடவில்லை. காசிமாயன் ஒரு நாள் பார்த்துவிட்டு மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினான். "இத அதுல தடவிக்க. அப்பவும் விழுகாம இருந்தாத்தான் நான் நம்புவேன்." அவன் கேலிக்குச் சொன்னான். அவள் நெசமாகவே தடவிக்கொண்டாள். கோன் விழவில்லை. இறுக்கினால்தான் வழுக்கும், தாங்கினால் எங்கே போகும்?

வியாழக்கிழமை பிரபாகரைக் கூப்பிட்டு ஊதிக் காட்டினாள். சத்தத்தைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. கையைப் பார்த்ததும் வாடியது.

"அக்கா, எல்லாம் சரிங்க. பேப்பர்ல வலது கைன்னு போட்டிருக்கு. படத்துலயும் அப்படித்தானுங்க. ஆடிட்டர் பேப்பரையும் பாப்பாரு, உங்களையும் பாப்பாரு."

"வலது கையில புடிச்சா சத்தம் கிழியுது சார்."

"பழகிக்கோங்க. திங்கக்கெழமைக்குள்ள மாத்திக்கோங்க."

பக்கத்தில் நின்ற லிங்கசாமி, "சந்தனம் குங்குமம் வெச்ச சாமானுங்க. பீச்சாங்கையில எடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். மூக்கம்மாள் வலது கையில் ஒருமுறை எடுத்து ஊதிப் பார்த்தாள். தோள் ஏறியது, சத்தம் பிசிறடித்தது. லிங்கசாமி திருப்தியாக வாசல் கேட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை வரை ஆடிட்டர் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சென்னைக்காரர், ஜெபக்குமார் என்று பெயர், சிரிக்காத முகம். பதினொன்றரைக்கு முதல் மாடியில் நடந்துகொண்டிருந்தவர், திடீரென்று நின்று கையில் இருந்த ஸ்டாப் வாட்சைக் காட்டினார்.

"இப்போ கரண்ட் இல்லை, சைரன் இல்லை. மேல் மாடியில் தீ. நான் பட்டனை அமுக்கிட்டேன்."

பிரபாகரின் கண் லிங்கசாமியைத் தேடியது. அவர் கீழே கேட்டில் இருந்தார். அவரைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்று அவன் வாயெடுப்பதற்குள் மூக்கம்மாள் எழுந்துவிட்டாள். ஆணியிலிருந்து பியூகிளை எடுத்தாள். எந்தக் கையால் எடுப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை, இடது கை எடுத்துவிட்டது. படிக்கட்டு முனையில் நின்று ஊதினாள். மூன்று நீளம், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று நீளம்.

நூற்றிருபது மெஷின்களின் இரைச்சலைப் பிளந்துகொண்டு அது மேலேயும் கீழேயும் போனது. மெஷின்கள் வரிசையாக அடங்கின. ஆட்கள் எழுந்தார்கள். ஊதிக்கொண்டே மூக்கம்மாள் வலது கையை நீட்டினாள். முதல் வரிசை போகலாம். உள்ளங்கையை நிமிர்த்தினாள். இரண்டாவது வரிசை நிற்க வேண்டும். ஒரிசாப் பெண் பயந்துபோய் எதிர்ப்பக்கம் நகர்ந்தாள். சொல்லால் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்காது. மூக்கம்மாளின் கை அவள் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டது, பியூகிள் ஒரு நொடியும் நிற்கவில்லை. மேல்மாடி ஆட்கள் கடந்து போனார்கள். கடைசி ஆள் போன பிறகு அவளும் இறங்கினாள், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஊதிக்கொண்டு, வலது கையால் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள்.

ஆடிட்டர் வாட்சைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்ட். மூணுக்குள்ள வந்தாப் போதும்." பிரபாகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. ஆடிட்டர் வாசலோரத் தரைத்தளச் சுவரில் ஒட்டியிருந்த தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார்.

"இதில் வலது கை என்று இருக்கிறது. இவங்க இடது கையில் பிடிக்கிறாங்க. பேப்பரில் ஒன்று, நடப்பில் ஒன்று. இப்படி இருந்தா நான் குறை என்றுதான் எழுதணும்."

மூக்கம்மாளுக்கு, அறுநூறு பேருக்கு முன்னால் இரண்டாவது முறையாகப் பியூகிள் கையை விட்டுப் போகப் போகிறது என்று தோன்றியது. இவ்வளவு செய்த பிறகும் போகுமா? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயம் விட்டுப்போனது.

"சார், நான் ஒண்ணு சொல்லவா" என்றாள். குரலைக் குறைக்க அவளுக்கு நினைவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"சொல்லுங்கம்மா."

"அந்தப் படத்துல நிக்கிறவரு பட்டாளத்துக்காரரு. அவரு ஊதுனா எல்லாம் வரிசையா நிப்பாக. அவருக்கு வலது கை போதும். நான் ஊதுனா எல்லாரும் ஓடணும். எங்கிட்டு ஓடணும்னு யாரு காட்டுறது? காட்டுறதுக்கு எனக்கு வலது கை வேணும். வழி காட்டுறதப் பீச்சாங்கையில காட்டுனா நல்லாவா இருக்கும்?"

கேட்டில் நின்ற லிங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஆடிட்டர் கையை நீட்டி பியூகிளை வாங்கினார். தாளில் இருந்தபடி வலது கையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அம்புட்டு இறுக்காதீங்க சார். கணு வெளுக்குது பாருங்க. பிடிக்க வேணாம், தாங்கினாப் போதும். முழங்கைய வெலக்குங்க. தலைய நீட்டாதீங்க, அதக் கொண்டாங்க."

சிரிக்காத முகத்துக்காரர் சொன்னதையெல்லாம் செய்தார். செய்து முடித்துவிட்டு இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். வலது கையை நீட்டி, மடக்கி, படிக்கட்டைக் காட்டிப் பார்த்தார். பியூகிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரபாகரிடம் சொன்னார்.

"நான் சாயந்திரம் கிளம்புறேன். அதுக்குள்ள பேப்பரும் கையும் ஒன்றா இருக்கணும். எதை மாத்துறது என்று நீங்க முடிவு பண்ணுங்க."

பிரபாகர் தாளைப் பார்த்தான். அதை இன்டர்நெட்டில் தேட அவனுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனே ஏறி, பட்டாளத்துக்காரனைச் சுவரிலிருந்து கிழித்தான். "பேப்பரை மாத்திக்கலாமுங்க சார்" என்றான்.

முற்றத்தில் யாரோ கை தட்டினார்கள். சுப்பண்ணன்தான். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். மூக்கம்மாளுக்குக் கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

மத்தியானம் புதுத் தாள் எழுதினார்கள். அவள் சொல்லச் சொல்ல பிரபாகர் அடித்தான். 'இடது கை விரல்களில் தாங்கவும். இறுக்கக் கூடாது. உதட்டில் அழுத்தக் கூடாது. வலது கை வழி காட்ட வேண்டும்.' கீழே அவள் பெயர். மேலே வைக்கப் புதுப் படம் வேண்டும். சாம்பிள் பனியன்களைப் படமெடுக்கிற கேமராவைத் தூக்கிக்கொண்டு முதல் மாடிப் படிக்கட்டுக்கு வந்தான். மூக்கம்மாள் சிவப்பு டீசர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"சும்மா வாயில வெச்சு நில்லுங்க்கா. ஊத வேண்டாங்க."

"முழங்கை தெரியுமா சார்? அத வெட்டிராதீங்க. நாளைக்கு இன்னொருத்தி பாத்துப் பழகுறதுன்னா முழங்கைதான் முக்கியம்."

"தெரியுதுங்க. ஆனா கை என்னமோ விறைப்பா இருக்குதுங்களே."

"ஊதாமப் புடிச்சா அப்படித்தான் இருக்கும். கைக்குத் தெரியுமுல்ல, பொய்யின்னு."

சொல்லிவிட்டு ஊதினாள். மூன்று நீளம். கேமரா க்ளிக்கென்றது. பிரபாகர் படத்தைப் பார்த்துத் தலையாட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் மெஷின்கள் வரிசையாக அடங்கின. திரும்பிப் பார்த்தான். எல்லாரும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். வேண்டாம், போட்டோ, போட்டோ என்று அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மேல்மாடி ஆட்கள் இறங்கினார்கள். ஒருத்தி கையில் பாதி மடித்த பனியன், ஒருவன் வாயில் பாதி கடித்த வடை. ஒரிசாப் பெண் எல்லாருக்கும் முன்னால் சரியான பக்கம் போனாள். ஆடிட்டர்கூட ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு இறங்கிப் போனார். நடுவில் நிறுத்தினால் ஆட்கள் படியில் குழம்பிவிடுவார்கள். மூக்கம்மாள் நிறுத்தவில்லை. கடைசி ஆள் முற்றத்தில் நிற்கும்வரை இடது கை அசையவே இல்லை, வலது கை வழி காட்டிக்கொண்டே இருந்தது.

பழக்க தோஷத்தில் பிரபாகர் வாட்சைப் பார்த்திருந்தான்.

"ரெண்டு நிமிஷம் முப்பத்தொண்ணுங்க்கா. காலையில வந்ததை விடப் பதினேழு செகண்ட் கம்மி."

மூக்கம்மாள் பியூகிளை இறக்கினாள். படிக்கட்டு ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் அடுத்து என்ன என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதையும் பேப்பர்ல எழுதிக்கங்க சார்" என்றாள்.